பத்துக்குப் பன்னிரண்டு அடியைப் படம் எடுப்பது

இலங்கையில் மிக அதிகமாகப் படம் எடுக்கப்பட்டவர் யார் என்று என்னைக் கேட்டால், கொழுந்து பறிக்கும் மலையகப் பெண் என்றுதான் சொல்வேன். தேயிலைப் பெட்டியின் மேல் அவர் இருக்கிறார். சுற்றுலா விளம்பரங்களில் இருக்கிறார். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பாதையில் வாகனத்தை நிறுத்தும் பயணிகளின் போன்களில் இருக்கிறார். மாலையில் அவர் திரும்பிப் போகும் அறையை மட்டும் அந்தப் படங்களில் தேடினாலும் காண முடியாது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, கொழும்பில் ஒளிப்படத் தொழிலைக் கற்று, பல ஆண்டுகளாக ஹட்டன், பொகவந்தலாவை, கொஸ்லாந்தைப் பக்கத்துத் தோட்டங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்வருகிறவள் நான். அந்த அறையையும் அதைச் சூழ்ந்திருக்கும் உரிமை மறுப்பையும் படமாக்குவதில் எனக்குத் தெரியவந்தவற்றை, இதே வகையான வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மனித உரிமை மீறல் என்றவுடன் பத்திரிகைக்காரர் மனதில் ஒரு நாளும் ஒரு சம்பவமும் தோன்றும்: துப்பாக்கிச் சூடு நடந்த நாள், வீடு எரிந்த நாள், ஆள் காணாமல் போன நாள். தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையக மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு அப்படியொரு நாளைக் குறிப்பிட முடியாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை இரண்டு அரசுகளுக்கிடையே பங்கு போட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைக்கு வழிசெய்யும் சட்டம் 2003 வரை வந்துகொண்டிருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவினால், அது 2018இல் திருத்தப்படும் வரை, உள்ளூராட்சி அமைப்புகளான இந்தச் சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தம் நிதியைச் செலவிட வழியில்லாமல் இருந்தது. அதே சபைகளுக்கு அந்த மக்கள் வாக்களித்துக்கொண்டும் இருந்தார்கள்.

இதில் எந்த வரியைப் படம் எடுப்பது? சட்டத்தின் பிரிவு கமராவில் விழாது. ஆனால் அந்தப் பிரிவினால் கவனிப்பாரற்றுக் கிடக்கும் பாதை விழும். அந்தப் பாதையில் பிரசவ வலி எடுத்த பெண்ணை லொறியில் ஏற்றிக்கொண்டு போவதும் விழும். சட்டம் திருத்தப்பட்டு மூன்று மாரி கழிந்தும் அதே வளைவில் அதே பள்ளம் இருப்பதும் விழும். நீண்டகாலப் பணி என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். பொறுமைசாலி என்று பெயர் வாங்குவதற்காக யாரும் ஒரே லயத்துக்கு ஆண்டுக்கணக்கில் போய்க்கொண்டிருப்பதில்லை. மாறாமல் கிடக்கும் ஒன்றை மாறவில்லை என்று காட்ட வேண்டுமானால், இரண்டு தேதிகளுக்கு நடுவே போதிய காலம் ஓடியிருக்க வேண்டும். ஆகவே முதல் நாளிலிருந்தே சில இடங்களைத் தேர்ந்து, நின்ற இடத்தையும் லென்ஸையும் குறித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே எடுப்பது நல்லது. என் பட்டியலில் ஒரு பொதுத் தண்ணீர்க் குழாய், ஒரு கழிப்பறை வரிசை, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவின் வாசல், மழை ஒழுகும் ஒரு கூரை மூலை ஆகியவை இருக்கின்றன. தனியாக எடுத்துப் பார்த்தால் இவற்றில் ஒன்றுகூட நல்ல படம் இல்லை. வரிசையாக அடுக்கும்போதுதான் அவை பேசத் தொடங்கும்.

தோட்டத்துக்குள் எப்படிப் போவது என்பது முதல் நடைமுறைக் கேள்வி. நிலம் பெரும்பாலும் அரசுடையது. 1992 முதல் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கையில். லயம் நிர்வாகத்துக்குச் சொந்தம் என்பதால், சொந்த அத்தை வீட்டுக்குப் போகிறவளைக்கூட "யாரைக் கேட்டு வந்தாய்?" என்று காவற்காரர் கேட்க முடியும். நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி பெற்றுப் போனால் துரை அனுப்பிய ஆள் என்று மக்கள் வாயை மூடிக்கொள்வார்கள். கேட்காமல் போய்ப் பிடிபட்டால், வீட்டுக்குள் விட்டவருக்குத்தான் மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் பேச்சு விழும். நான் கடைப்பிடிக்கும் வழி எளிது. குடியிருப்புக்குள் போவதற்கு அந்தக் குடும்பத்தின் அழைப்பு போதும் என்று எடுத்துக்கொள்கிறேன். கொழுந்து மலைக்குள்ளும், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள்ளும் போவதானால், அங்கே வேலை செய்யும் பெண்களிடம் முதலில் கேட்டு, அவர்கள் தயங்காமல் சரி என்ற பிறகுதான் போகிறேன். ஒரு தோட்டத்தில் எனக்கு வாசல் அடைக்கப்பட்டபோது அங்கிருந்த வேலையை நிறுத்திவிட்டேன். ஒளிந்து எடுத்த ஒரு படத்துக்காக யாரோ ஒருத்தி ஒரு மாதம் மேட்டு மலையில் பறிக்க அனுப்பப்படுவதை ஏற்க முடியாது.

மக்கள் நம்மை எதற்காக உள்ளே விடுகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். "உங்கள் பிரச்சினையை உலகுக்குச் சொல்லப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு போனால், அதைச் சொன்னவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் வந்துபோயிருக்கிறார்கள் என்பது விரைவில் தெரிந்துவிடும். "படம் எடுத்தா வீடு வருமா, தங்கச்சி?" என்று ஓர் ஓய்வுபெற்ற அம்மா கேட்டார். வராது என்றுதான் பதில் சொன்னேன். அப்படியானால் தன் கணவரின் பழைய படத்தைப் பெரிதாக்கித் தர முடியுமா என்று அடுத்துக் கேட்டார், அது முடியும். சடங்கு வீடு, சாவு வீடு, குலதெய்வப் பூசை, வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன மகளுக்கு அனுப்ப ஒரு குடும்பப் படம்: இவற்றையெல்லாம் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தேன், அச்சிட்டும் கொடுத்தேன். நகரத்து ஸ்டூடியோவுக்குப் போய்வர பஸ் காசும் பாதி நாட்சம்பளமும் போய்விடும் இடத்தில் இது உண்மையான உபகாரம். பின்னாளில் என் தொகுப்பில் சேர்ந்தவற்றில் மிக நல்ல படங்கள் சில, இப்படி அவர்கள் கேட்டு எடுத்தவைதான்.

இனி அந்த அறைக்கு வருவோம். லயக் காம்பரா என்பது ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி. முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு திண்ணை. சில லயங்களில் ஒரே கூரையின் கீழ் முதுகோடு முதுகாக இரண்டு வரிசை அறைகள் இருப்பதால் பின்சுவரில் சன்னல் வைக்க இடமில்லை. இவ்வளவு சிறிய இடத்தில் நுழைந்தவுடன் எல்லோரும் செய்வது, எல்லாவற்றையும் அடக்கிவிடும் அகல லென்ஸை மாட்டுவது. அதைச் செய்யாதீர்கள். 20 மிமீ லென்ஸ் அந்த அறையை ஒரு மண்டபம்போல் காட்டிவிடும். வீடு விற்கிறவர்கள் அறையைப் பெரிதாகக் காட்டப் பயன்படுத்துவதும் அதே லென்ஸைத்தான். ஆறு பேர் தூங்கும் அறையின் நெருக்கத்தைக் காட்டப் போய், அதை விசாலமாக்கிக் கொண்டுவருவது என்ன வேலை? நான் 35 மிமீ அல்லது 50 மிமீ லென்ஸோடு வாசற்படியில் நிற்கிறேன். அதில் அறை முழுவதும் அடங்காது. கட்டிலின் பாதி, அடுக்கிய சூட்கேஸ்கள், சுவரில் ஒட்டிய பழைய கலண்டர், மூலையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் பையன், அவன் தலைக்கு மேல் தொங்கும் ஈரத்துணி ஆகியவை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு விழும். அடங்காததே அந்த அறையைப் பற்றிய உண்மை. இதோடு ஒவ்வொரு அறைக்கும் நாடாவால் அளந்து ஒரு வரைபடமும் போட்டுக்கொள்கிறேன்: யார் எங்கே தூங்குகிறார்கள், அடுப்பு எங்கே, மழை எந்தப் பக்கம் ஒழுகும் என்று. படம் பார்ப்பவரின் மனதைத் தொடும். வரைபடத்தில் உள்ள அளவை யாரும் மறுத்துப் பேச முடியாது. கண்காட்சியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஆட்கள் அதிக நேரம் நின்றது வரைபடத்தின் முன்னால்தான்.

உள்ளே வெளிச்சம் குறைவு. விறகடுப்புப் புகையும் சேர்ந்துகொள்ளும். பிளாஷ் போட்டால் சுவரின் கரி எல்லாம் குற்றப் பதிவுபோல் எழுந்து நிற்கும், குடியிருப்பவர் அசிங்கமானவர் என்று தோன்றும். கமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 3200க்கோ 6400க்கோ ஏற்றிக்கொண்டு, எரியும் ஒற்றைப் பல்பை நம்பி எடுப்பதே சரி. படத்தில் புள்ளி புள்ளியாகக் குருணை விழுந்தால் விழட்டும். மலையின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவும், காலில் ஏறும் அட்டைப் பூச்சிக்கு உப்போ சவர்க்காரமோ சேர்ந்த ஒரு துணியும் பையில் இருக்க வேண்டும். கருவிகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

அறைக்கு வெளியே வந்தால் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது: அழகு. தேயிலை மலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அழகாக இருக்கிறது. மூடுபனி இறங்கினால் இன்னும் அழகு. அந்த அழகை விற்றுத்தான் இந்த நாட்டின் தேயிலை விளம்பரம் வாழ்கிறது. இதிலிருந்து தப்ப, சிலர் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கறுப்பு வெள்ளையில் எடுத்த லயம் வெள்ளைக்காரன் காலத்து லயம்போல் ஆகிவிடுகிறது; பார்ப்பவர் "அந்தக் காலத்தில் எப்படிக் கஷ்டப்பட்டிருக்கிறார்கள்" என்று நிம்மதியாக நகர்ந்துவிடுகிறார். ஸ்மார்ட்போன் திரையின் நீலமும், பாடசாலைச் சீருடையின் வெள்ளையும், கொழுந்துக்காரியின் இடுப்பில் கட்டிய படங்குத் துணியின் மங்கிய மஞ்சளும் இருந்தால்தான் இது இன்றைய கதை. நான் வண்ணத்தில், அதுவும் நடுப்பகல் வெளிச்சத்திலோ மழை மூட்டத்திலோ எடுக்கிறேன். தொடுவானத்தைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறேன். பிரம்புக் கூடையையும் தேடிப்போவதில்லை. பல தோட்டங்களில் இப்போது கொழுந்து போவது நைலோன் சாக்கில். கூடை அதிகம் தட்டுப்படுவது விளம்பரத்திலும், பயணிகள் நிற்கும் பாதையோரத்திலும்தான். அந்தப் பாதையோரத்தில் கூடையை மாட்டிக்கொண்டு சிரித்து நின்று காசு கேட்கும் பெண்களைச் சில ஒளிப்படக்காரர்கள் "நடிக்கிறார்கள்" என்று ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறேன். மலையில் நாள் முழுதும் நின்று கிடைப்பது என்னவென்று தெரிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். அதுவும் ஒரு வேலை. அதையும் நான் வேலையாகவே எடுத்திருக்கிறேன்.

சம்பளம் என்றதும் மடுவத்தின் தராசைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டுப் போராடி, 2021 மார்ச்சில்தான் அது சம்பள நிர்ணயச் சபை மூலம் வந்தது. 2024இல் 1,350 ரூபா ஆனது. ஆனால் அந்தத் தொகை கைக்கு வர, தோட்டம் குறித்துவைத்திருக்கும் கிலோ அளவுக்குக் கொழுந்தை எடுத்திருக்க வேண்டும். எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். சம்பளம் கூடியவுடன் பல இடங்களில் கிலோவும் கூடியது. நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று சில கிலோவைக் கழிப்பார்கள். வெயில் காய்ந்த நாளிலும் தண்ணீர் கழிக்கப்படும். இதை எப்படிப் படம் எடுப்பது என்று நெடுநாள் யோசித்தேன். கணக்கப்பிள்ளை புத்தகத்தில் எழுதுவதை எடுத்தால் அது ஏதோ அலுவலகக் காட்சிபோல் இருந்தது. பெண்கள் வரிசையில் நிற்பதை எடுத்தால் பழைய அஞ்சலட்டை வந்துவிட்டது. ஒரு மாலை வரிசையோடு வரிசையாக, ஓர் அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான் கவனித்தேன்: அந்த மடுவத்தில் தொங்கிய தராசின் முகம் நிறுக்கிறவரைப் பார்த்து இருந்தது, கொழுந்தைக் கொண்டுவந்தவர் நிற்கும் இடத்திலிருந்து தெரிவது தராசின் முதுகு. முள் எந்த எண்ணில் நின்றது என்று அவருக்குத் தெரியாது, சொல்லும் எண்ணைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அவர் கண்ணின் உயரத்தில், அவர் பக்கத்திலிருந்தே எடுத்தேன்: ஈரம் சொட்டும் சாக்கு, தராசின் முதுகு, அதற்கு அப்பால் எழுதும் கை. அந்தக் கை யாருடையது என்று தெரியாதபடி சட்டகத்தை வெட்டினேன், ஏனென்றால் கழிக்கச் சொன்ன உத்தரவு அந்தக் கணக்கப்பிள்ளையிடமிருந்து பிறந்ததல்ல. யார் நிற்கும் இடத்தில் நாமும் நிற்கிறோம் என்பதே இந்தத் தொழிலில் பாதி முடிவைச் செய்துவிடுகிறது.

இன்னொன்று, படம் எடுக்க எளிதானதும் பலர் எடுக்காததுமான பொருள்: காகிதம். பல லயங்களில் வீட்டு இலக்கம் கிடையாது. பெயர், மேற்பிரிவு அல்லது கீழ்ப்பிரிவு, தோட்டத்தின் பெயர், அஞ்சலகம், அவ்வளவுதான் முகவரி. ஒரே பிரிவில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யாரிடமாவது கொடுத்தனுப்பப்பட்டு, கையிலிருந்து கைக்குப் போய்ச் சேரும், அல்லது சேராது. உயர்தரப் பரீட்சை எழுதிய ஒரு பிள்ளை எனக்குக் காட்டிய அரசாங்க உறையில் அஞ்சல் முத்திரைத் தேதி தெளிவாக இருந்தது. உள்ளே இருந்த கடிதத்தில் நேர்முகப் பரீட்சையின் தேதி இருந்தது. உறையின் மேல், அது கைக்குக் கிடைத்த நாளை அந்தப் பிள்ளையே பேனாவால் எழுதிவைத்திருந்தாள். மூன்று தேதிகளும் ஒரே படத்தில் வரும்படி, சன்னலோர வெளிச்சத்தில் உறையையும் கடிதத்தையும் மேசைமேல் பரப்பி நேர் மேலிருந்து எடுத்தேன். பெயரும் விண்ணப்ப எண்ணும் ஒரு காகிதத் துண்டால் மறைக்கப்பட்டன. கண்ணீரோ முகமோ இல்லாத அந்தப் படத்தைத்தான் பிறகு ஒரு சட்டத்தரணி தன் கூட்டங்களுக்கு எடுத்துப்போகக் கேட்டார். உரிமை தொடர்பான வேலை செய்பவர்கள் கேட்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட படங்களையே: தேதி, அளவு, இடம், முன்னும் பின்னும். ஒரு நாள் வேலையில் கொஞ்ச நேரத்தையாவது இதற்கு ஒதுக்குங்கள்.

குறிப்பெழுதுவது படம் எடுப்பதற்குச் சமமான வேலை. 1908 முதல் அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஆலைகளில் படம் எடுத்த லூயிஸ் ஹைன், பிள்ளைகளின் உயரத்தைத் தன் கோட்டின் பொத்தான்களை வைத்து அளந்து, பைக்குள்ளேயே கையை வைத்து ரகசியமாகக் குறிப்பெழுதினார். பெயர், வயது, வேலை, சம்பளம் என்று அவர் சேர்த்த குறிப்புகள் இல்லாவிட்டால் அந்தப் படங்களுக்கு அந்த வலு வந்திருக்காது. இதற்கு நேர் எதிரான ஒன்று எங்கள் பொகவந்தலாவையிலேயே இருக்கிறது. டார்வினையும் கவிஞர் டெனிசனையும் படம் எடுத்துப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். அவர் கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் இறந்து, பொகவந்தலாவை தேவாலய வளவில் புதைக்கப்பட்டார். இங்கே அவர் எடுத்த படங்களில் தோட்டத்திலும் வீட்டிலும் வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெயர் இல்லாமல். இங்கிலாந்தில் புகழ்பெற்றவர்களின் முகங்களுக்குப் பெயர் எழுதிய அதே கை அது. அதே ஆண்டுகளில், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சத்தில் எலும்பும் தோலுமானவர்களைக் குழு குழுவாக உட்காரவைத்துப் படம் எடுத்தார் படை அதிகாரியான வில்லோபி வாலஸ் ஹூப்பர். அந்தப் பஞ்சத்திலிருந்து தப்பி மன்னார் வழியாக மலைக்கு நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தான் எங்களில் பலர். ஹூப்பரின் படத்தில் இருப்பவர்களில் யாருடைய பெயரும் எங்களுக்குத் தெரியாது என்பதை நினைக்கும்போதெல்லாம் குறிப்பேட்டை இன்னும் கவனமாக நிரப்பத் தோன்றும்.

ஆனால் பெயரை எழுதிவைப்பதும் வெளியிடுவதும் வேறு வேறு. என் குறிப்பேட்டில் எல்லோருக்கும் பெயர் உண்டு, சொந்தக்காரர் யார், எந்த ஊரிலிருந்து மூதாதையர் வந்தார்கள் என்பதுகூட உண்டு. வெளியே போகும் படக்குறிப்பில் எது இருக்கலாம் என்பதை அவரவர் தீர்மானிக்கிறார்கள். முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்று நினைப்பது வெளியூர்க்காரர் நினைப்பு. தோட்டத்து ஆட்களுக்கு வாசலில் படுத்திருக்கும் நாயைப் பார்த்தாலே எந்த லயம் என்று தெரிந்துவிடும்; பின்னால் தெரியும் மலையின் விளிம்பு தோட்டத்தையே சொல்லிவிடும். ஆகவே படத்தை வெளியிடும் முன், அதே தோட்டத்தில் வாழும் ஒருவரிடம் "இதில் என்னென்ன தெரிகிறது?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கோப்பிலிருந்து ஜிபிஎஸ் தகவலை நீக்குங்கள். அச்சிட்டதை விட வாட்ஸ்அப் வேகமாக நிர்வாகத்தின் கைக்குப் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

சம்மதம் வாங்கும் முறையிலும் இடத்துக்கேற்ற மாற்றம் வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் தரும் ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டபோது எங்கள் முதியவர்கள் பின்வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். 1949க்குப் பின் குடியுரிமைக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். காகிதத்தில் கைநாட்டு வைத்ததால் நன்மை வந்த கதை அந்தக் குடும்பங்களில் குறைவு. நான் என்ன செய்யப் போகிறேன் என்பதைச் சொல்லி, அவர்கள் அதைத் தம் வார்த்தையில் திருப்பிச் சொல்வதை ஒலிப்பதிவு செய்துகொள்கிறேன். அடுத்த முறை போகும்போது மறுபடியும் கேட்கிறேன், ஏனென்றால் மகளுக்குக் கல்யாணம் பேசும் ஆண்டில் பதில் மாறலாம். அப்படி மாறினால் படத்தைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும், எவ்வளவு நல்ல படமானாலும். 1971 முதல் மூன்று ஆண்டுகள் ஜப்பானின் மினமாட்டாவில் தங்கி, ஆலைக் கழிவின் பாதரசத்தால் நோயுற்றவர்களைப் படம் எடுத்தவர்கள் யூஜின் ஸ்மித்தும் அய்லீன் ஸ்மித்தும். தாய் தன் மகளைக் குளிப்பாட்டும் அந்த உலகப் புகழ்பெற்ற படம், மகள் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கும் பரவிக்கொண்டிருந்தது பெற்றோருக்குத் தாங்க முடியாததாயிற்று. அந்தப் படத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையை அய்லீன் 1998இல் பெற்றோரிடமே ஒப்படைத்தார். இதைவிடப் பெரிய படம் நம்மில் யாரிடமும் இல்லை.

அனர்த்தம் நடக்கும்போது இந்த ஒழுங்கெல்லாம் சோதனைக்கு உள்ளாகிறது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரிக்கப்பட்டிருந்தது. முதல் வாரம் அங்கே கமராக்கள் நிரம்பி வழிந்தன; மண்ணைத் தோண்டுவதும் அழுவதும்தான் எல்லாவற்றிலும். பிறகு 2016இல் பூனாகலைத் தோட்டத்தில் புதிய வீடுகள் கையளிக்கப்படும் வரை, தப்பியவர்களில் பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் துணியால் தடுத்த அறைகளில் வாழ்ந்தார்கள். அந்தக் காலத்தில் போனபோது என்னைத் தவிர வேறு கமராவை நான் காணவில்லை. எச்சரிக்கை கிடைத்தும் அவர்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்ற கேள்விக்கு விடை முதல் வாரப் படங்களில் இல்லை. போவதற்கு வேறு நிலம் அவர்கள் பெயரில் இல்லை என்பதே விடை. அனர்த்த இடத்துக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: பிணத்தையும் அழுகையையும் எடுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை, அதைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துப் போவதற்கு இப்போதே பஸ் காசை எடுத்துவையுங்கள்.

எடுத்தவற்றைத் தொகுக்கும்போது முதலில் காட்ட வேண்டிய இடம் கொழும்புக் கலைக்கூடம் அல்ல. எங்கள் நாட்டார் கூத்தான காமன் கூத்து நடக்கும் பொட்டலில் கயிறு கட்டி, சின்ன அச்சுகளைத் துணி உலர்த்தும் கிளிப்பால் மாட்டினோம். மக்கள் பார்த்துவிட்டுப் பேசியவை எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லாதவை. குடித்துவிட்டுக் கிடந்த ஒருவரின் படத்தை ஓர் அம்மாயி கழற்றி என் கையில் கொடுத்தார். "இதத்தான் எல்லாரும் எடுக்கிறாங்க" என்றார். அதற்கு மறுபேச்சு இல்லை. பாத்திரம் கழுவும் படங்கள் அதிகம், படிக்கும் பிள்ளைகளின் படங்கள் குறைவு என்றார்கள் இளைஞர்கள். தொழிற்சங்கத் தலைவர்களின் மேடைப் படங்களைக் கடைசிக்குத் தள்ளினார்கள். அதிகாலை நாலரைக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளை அனுப்பி, மலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பி மறுபடி அடுப்பு மூட்டும் ஒரு பெண்ணின் ஒரே நாளை வரிசையாகக் காட்டிய படங்களின் முன்னால் பெண்கள் கூடினார்கள். அதில் ஓர் ஆணும் வேலை செய்யவில்லை என்பதை அவர்களே உரக்கச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த வரிசைதான் இப்போது தொகுப்பின் நடுவில் இருக்கிறது.

2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த நடையில் எடுத்த படங்களுக்குப் பத்திரிகைகளில் எளிதாக இடம் கிடைத்தது. நான் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலைக்கு அவ்வளவு எளிதாக இடம் கிடைக்கப்போவதில்லை. 7 பேர்ச் (ஏறக்குறைய 1,900 சதுர அடி) காணியில் கட்டிய தனிவீட்டின் சாவி கிடைத்தும், காணி உரிமைக்கான உறுதிப் பத்திரம் இன்னும் கைக்கு வராத குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் தம் காகிதங்களையெல்லாம் ஒரே பிளாஸ்டிக் கோப்பில் வைத்திருக்கிறார்கள்: தாத்தாவுக்குத் தோட்டம் கொடுத்த துண்டுச் சீட்டு, பிறப்புச் சான்றிதழ்கள், சேமலாப நிதிச் சீட்டு, வீடு கையளித்த விழாவின் அழைப்பிதழ். அந்தக் கோப்புகளைக் குடும்பம் குடும்பமாக, ஒவ்வொரு தாளாகப் பரப்பி எடுத்துவருகிறேன். பெயரும் எண்களும் தெரியும் இடங்களை ஒவ்வொன்றாக மறைத்து, அந்தக் குடும்பத்திடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருப்பதால், ஒரு லயத்தை முடிக்கவே பல வாரங்கள் பிடிக்கின்றன.